மூன்று நாள் பார்படோஸ்

மூன்று நாளுக்குப் பார்படோஸ் போகிற மனிதரை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? நான் கண்டதில்லை. ரொறன்ரோவில் ஜனவரிக் குளிரில் மூக்கு விறைத்து, மனேஜரிடம் லீவுக்குக் கெஞ்சி, ஒருவன் விமானம் ஏறினால் குறைந்தது ஒரு கிழமையாவது மணலில் கிடந்து புரண்டுவிட்டுத்தான் வருவான். வரும்போது சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் ரீசேட்டும் ரம் கேக்கும் பெட்டியில் இருக்கும்.

1997 ஜனவரி 27, திங்கட்கிழமை காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்த யோகராணி சொன்ன மனிதர் அந்த வகையில் இல்லை. அவருடைய கணவர் சண்முகநாதன் நான்காவது வருடமாகப் பார்படோஸுக்குப் புறப்படுகிறார். ஒவ்வொரு முறையும் தனியாக. ஒவ்வொரு முறையும் மூன்றே நாள். ஒரு சாவிக்கொத்துக்கூட வாங்கி வந்ததில்லை.

அலுவலகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கமாக, ஒரு பிளாசாவில் வீடியோக் கடைக்கு மேலே ஒற்றை அறை. உள்ளே இரண்டு மேசை, ஒரு கேத்தில், வேரோனிக்கா அக்கா. அக்கா ஏழு வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊரார் சொல்லும் கதையைக் கேட்டுக் கேட்டு, எது மெய், எது ஆட்களைக் களவாக ஏற்றி அனுப்புகிற ஏஜென்ற் சொல்லிக்கொடுத்தது என்று மூச்சு விடுகிற விதத்திலேயே பிடித்துவிடுவார். பிறகு அந்த வேலையை விட்டுத் துப்பறியும் லைசன்ஸ் எடுத்தார். நான் கிளிபோட். முன்னாள் டாக்ஸி ஓட்டுநர், இந்நாள் உதவியாளர். காரும் வாயும் என்னுடையவை, மூளை அவருடையது.

யோகராணிக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். கதிரையைக் காட்டினோம், இருந்தார், எழும்பினார், ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமலே மறுபடி இருந்தார். எனக்கும் மூன்று கிழமையாக வேலை இல்லாமல் கால் துடித்துக்கொண்டிருந்தது. அவர் நடந்த நடையில் என்னுடைய காலும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிட்டது.

கணவரிடம் கேட்டீர்களா என்று அக்கா விசாரித்தார். கேட்டாராம். குளிருக்கு முழங்கால் பிடிக்கிறது, அந்தத் தீவின் வெயில் ஒத்துக்கொள்கிறது, பிடித்த இடம் என்று பதில் வந்ததாம். நானும் வருகிறேன் என்று கேட்டதற்குப் பிள்ளை சின்னப்பிள்ளை, பிறகு பார்ப்போம் என்றாராம். மூன்று நாள் வெயிலில் பன்னிரண்டு மாதத்துக்கு ஆறுகிற முழங்கால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்கும் கேட்க ஆசைதான். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கேட்கவில்லை.

வேறு ஏதாவது மாற்றம் உண்டா? உண்டு. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே மனிதர் மச்சம் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாராம். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள், மரக்கறியும் தயிரும் தின்றுகொண்டு கொலஸ்ரரோல் என்று சொல்வாராம். வண்டி வயிற்றைக் குறைக்கிறார், அதுவும் யாருக்காகவோ குறைக்கிறார் என்பது யோகராணியின் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கும் பிழை தெரியவில்லை.

அவர் லைபிரரிக்குப் போய்க் கணவரின் பாஸ்போட் முத்திரைகளைப் படப்பிரதி எடுத்து வந்திருந்தார். 1994 பெப்ரவரி 2 போய் 4 திரும்பியிருக்கிறார். 1995 ஜனவரி 23 போய் 25. 1996 பெப்ரவரி 11 போய் 13. இந்த வருடம் ஜனவரி 30, வியாழன் காலை விமானம், சனிக்கிழமை வருகை.

பேச்சுக்குப் பேச்சாக, சண்முகநாதனுக்கு வேலை எங்கே என்று கேட்டேன். அஜக்ஸில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ற் ஓட்டுகிறாராம். தினமும் 401 நெடுஞ்சாலையில் போய்வர ஒன்றரை மணித்தியாலம். அஜக்ஸில் வீடு மலிவு, சனமெல்லாம் அங்கே குடிபெயர்கிறது, நீங்கள் ஏன் போகவில்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம், யோகராணிதான் மறுத்தாராம். "ரெலிபோன் நம்பர் மாறிப்போகும்," என்றார். ஒரு நம்பருக்காக வீட்டையே விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அக்கா கொப்பியில் குறித்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

போகும்போது யோகராணி கதவடியில் நின்றார்.

"வியாழக்கிழமைக்கு முதல் எனக்குத் தெரியவேணும். பொம்பிளை எண்டால், அவர் திரும்பி வரேக்கை நானும் பிள்ளையும் அந்த வீட்டிலை இருக்கமாட்டம். ரூஜ் பக்கம் இருக்கிற என்ரை அக்கா வீட்டுக்குப் போயிடுவம்."

"மற்றும்படி ஆள் எப்பிடி?" என்று அக்கா கேட்டார்.

"நல்ல மனிசன்," என்றார் யோகராணி. "அதுதான் பயமாக் கிடக்கு."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு அஜக்ஸ் களஞ்சியத்துக்கு வெளியே என் காரில் கிடந்தோம். என் காரின் ஹீட்டர் இரண்டு வருடமாக உண்ணாவிரதம். அக்கா கம்பளி போர்த்திக்கொண்டு அந்தத் தேதிகளையே வெறித்துக்கொண்டிருந்தார். நான் நேரம் போக என் ஊகங்களை அவிழ்த்துவிட்டேன். பார்படோஸில் ஒரு வீடு, வீட்டில் ஒரு பெண், பெண்ணுக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு வருடம் ஒருமுறை பிறந்தநாள்.

"பிறந்தநாள் வருசா வருசம் மாறுமோடா?" என்றார் அக்கா.

அது ஒரு நியாயமான கேள்வி. மாறாது. நான்கு வருடம், நான்கு தேதி. கிழமையும் ஒன்றல்ல. மலிவு டிக்கற் பார்த்துப் போகிறவர் மூன்று நாளில் திரும்பமாட்டார். கம்பனி லீவும் இல்லை. கடிவாளம் இல்லாத குதிரை மாதிரி ஜனவரிக்கும் பெப்ரவரிக்கும் இடையில் ஓடித் திரிகிற தேதிகள். அக்காவுக்குப் பிடிபடாத விஷயம் என்றால் நெற்றியில் விரலால் தட்டுவார். வேலை முடிந்து வெளிக்கிட்டவரின் காருக்குப் பின்னால், 401இல் பனி தூவத் தூவ மில்லிக்கன்வரை தட்டிக்கொண்டே வந்தார்.

சண்முகநாதன் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வழியில் ஒரு தமிழ்க் கடையில் நிறுத்தினார். நான் பின்னாலே உள்ளே போய், மிளகாய்த்தூள் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து நலம் விசாரித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தைந்து வயதுக்குக் கொஞ்சம் கூனின மனிதர். உறைந்த பாரை மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பை எள்ளு, ஒரு சின்னப் பை பச்சை அரிசி, ஒரு கற்பூரப் பெட்டி. அவ்வளவுதான். வெளியே வந்து காரின் பின்பக்கத்தைத் திறந்து, ஸ்பெயார் ரயரைத் தூக்கி, அதற்கு அடியில் பையை வைத்து மூடினார்.

எனக்கு உற்சாகம் பிடிபடவில்லை. மன்னாரில் எங்கள் வீட்டில் எள்ளு என்றால் எள்ளுருண்டை. ஆகவே பார்படோஸ்காரிக்கு எள்ளுருண்டை பிடிக்கும், மனைவிக்குத் தெரியாமல் ஸ்பெயார் ரயருக்கு அடியில் காதல் வளர்கிறது என்று காருக்குள் ஏறியதும் தீர்ப்புச் சொன்னேன். கற்பூரம் எதற்கென்று அக்கா கேட்டார். பூச்சி வராமல் இருக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு வீடு போகும்வரை நெற்றியில் தட்டவே இல்லை. அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கோ இருந்ததும் குழம்பிவிட்டது.

புதன்கிழமை காலை நான் போனபோது அந்த நான்கு வருடத் தேதிகளும் சுவரில் ஒட்டியிருந்தன. போகிற நாளையும் வருகிற நாளையும் அக்கா வெட்டிவிட்டிருந்தார். "போறது ஒரு நாள், வாறது ஒரு நாள். மனிசனுக்கு வேண்டியது நடு நாள் மட்டும்தான்," என்றார். பெப்ரவரி 3, ஜனவரி 24, பெப்ரவரி 12. இந்த முறை ஜனவரி 31.

நான் தேநீரை ஊற்றிக்கொண்டே சலித்துக்கொண்டேன். இதெல்லாம் ஒரு தேதியா? எங்கள் ஈஸ்ரர் மாதிரி எல்லோ ஓடுது, ஒரு வருசம் மார்ச்சிலை, ஒரு வருசம் ஏப்ரல் நடுவிலை, லீவு போட்டு மாளாது என்றேன்.

அக்கா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஈஸ்ரர் ஏன்ரா ஓடுது?"

"எனக்கென்ன தெரியும்? சுவாமியாரிட்டைக் கேக்கவேணும்."

"நிலவைப் பார்த்து ஓடுது," என்றார் அக்கா. "உதுவும் நிலவைப் பார்த்துத்தான் ஓடுது."

எழும்பி அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். பத்து வருடத்துப் பஞ்சாங்கங்கள் அடுக்காக இருந்தன. தினமும் செபமாலை சொல்கிற பெண்ணின் அலுமாரியில் அவ்வளவு பஞ்சாங்கம் இருந்ததற்குக் காரணம் உண்டு. விசாரணையில் எங்கள் சனத்திடம் ஆமி எப்போது வந்தது, எப்போது பிடித்தது என்று கேட்டால் தேதி சொல்லத் தெரியாது. சூரன்போருக்கு மற்ற நாள் என்பார்கள். அன்றைக்கு அமாவாசை, விளக்கும் இல்லை என்பார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு நாளும் மாதமும் வேண்டும். பயத்தில் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டு, அடுத்தமுறை வேறு தேதி சொல்லி, பொய்யர் என்று பெயர் வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். மெய் சொல்லியும் தோற்றவர்கள். அந்தக் கோபத்தில்தான் அக்கா பஞ்சாங்கம் வாங்கத் தொடங்கினார்.

நான்கு புத்தகங்களை விரித்து நான்கு நாளிலும் விரலை வைத்தார். தை மாதம், தேய்பிறை அட்டமி. தை மாதம், தேய்பிறை அட்டமி. நான்கும் அதுவே. எனக்கு மயிர் கூச்செறிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை.

"சைவக்காரர் அட்டமி நவமியிலை ஒரு கதிரைகூட வாங்கமாட்டினம்," என்றார் அக்கா. "அட்டமி பார்த்துக் காதலியிட்டைப் போற ஒருத்தனைக் காட்டு பாப்பம்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மச்சம் நிறுத்தியது கொலஸ்ரரோலுக்கு அல்ல, விரதம். எள்ளு உருண்டை பிடிப்பதற்கு அல்ல, தண்ணீரில் இறைப்பதற்கு. தீவிலிருந்து ஒன்றும் வாங்கி வராததும் கஞ்சத்தனம் அல்ல. செத்தவீட்டுக்குப் போய்வருகிறவர்கள் யாரும் அங்கிருந்து சாமான் கொண்டுவருவதில்லை. சண்முகநாதன் நான்கு வருடமாக ஹொலிடே போகவில்லை. திவசம் செய்யப் போகிறார். இறந்தவர் போன திதியில், வருடம் ஒருமுறை.

யோகராணிக்குப் போட்டி இல்லை என்றதும் எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. திவசத்துக்குக் கடல் வேண்டும், ஒன்ராறியோ ஏரி உறைந்து கிடக்கிறது, ஆகவே உப்புத்தண்ணி தேடிப் போகிறார், கேஸ் முடிந்தது, போய் இடியப்பம் சாப்பிடுவோம் என்றேன்.

"உப்புத்தண்ணி கனடாவுக்குள்ளையே ஹலிபாக்ஸிலும் கிடக்கு," என்றார் அக்கா. "ஏன் அந்தத் தீவு? ஏன் பெஞ்சாதிக்கு ஒளிச்சு?"

ரெலிபோனை எடுத்து யோகராணியை அழைத்தார். ஒரே மணியில் எடுத்துவிட்டார். உங்கள் குடும்பத்தில் யார் யாருடைய திவசம் எந்தெந்த மாதம் என்று அக்கா சாதாரணமாகக் கேட்டார். மாமாவுக்கு ஆவணியில், அம்மாவுக்குச் சித்திரையில், ஐயர் வீட்டுக்கு வந்து செய்வார், இருபது பேருக்குச் சமைப்போம் என்று பதில் வந்தது. தையில் யாருமில்லை. அக்கா கொப்பியைத் திறந்தார். பிறகு, போன இடம் தெரியாத ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்டார்.

மறுபக்கத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு தொடங்கிய பேச்சு பத்து நிமிடம் நிற்கவில்லை. அக்கா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தார், நானும் கேட்டேன்.

கஜீவன், யோகராணியின் ஒரே தம்பி. பத்தொன்பது வயதில் ஏஜென்றோடு கொழும்பிலிருந்து கனடாவுக்கு வெளிக்கிட்டவன். 1992 பொங்கலன்று ஓரிடத்திலிருந்து ரெலிபோன் எடுத்தான். கடல் பக்கமாக ஒரு வீடு, ஏழு பெடியள் இருக்கிறோம், இடம் சொல்லக்கூடாதாம், அடுத்த கிழமை வந்துவிடுவேன், நண்டுக்கறி வையுங்கோ என்றான். அதுதான் கடைசி. பெடியன் வழியில் பிரிந்து ஓடிவிட்டான் என்று சொல்லிவிட்டு ஏஜென்றும் காணாமல் போனான். எங்கேயோ ஒரு நாட்டு மறியலில் இருக்கிறான் என்று யோகராணி நம்புகிறார். மாதாமாதம் அவனுடைய நட்சத்திரத்தில் கோயிலில் அர்ச்சனை. அவனுக்குத் தெரிந்தது இந்த ரெலிபோன் நம்பர் ஒன்றுதான். அஜக்ஸுக்குப் போனால் நம்பரின் முன்பகுதி 905 ஆகிவிடும். மறியலில் இருந்து வெளியே வருகிறவன் பழைய நம்பருக்கு அடித்துவிட்டு, அக்கா இல்லை என்று போய்விட்டால்?

ஏன் கேட்கிறீர்கள் என்றார் யோகராணி. பின்னேரம் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி அக்கா வைத்துவிட்டார். ஐந்து வருடத்துக்கு முந்திய பஞ்சாங்கத்தை எடுத்தார். தை மாதத் தேய்பிறை அட்டமி, 1992 ஜனவரி 26. பொங்கல் முடிந்து பதினோராம் நாள். எனக்கு அப்போது பகிடி ஒன்றும் வரவில்லை.

சண்முகநாதன் வேலை முடிந்து வரும் வழியில் எப்போதும் நிறுத்துகிற டோனற் கடை ஒன்று இருந்தது. நாங்கள் முன்னமே போய் அங்கே இருந்தோம். நாலரைக்கு வந்து, கோப்பியோடு ஜன்னலோரம் அமர்ந்தார். அக்கா போய் எதிரே அமர்ந்தார். தான் யார், தன்னை யார் அமர்த்தியது என்பதை மறைக்காமல் சொன்னார். மனிதருக்கு முகம் கறுத்தது. எழும்பப் பார்த்தார்.

"அண்ணை," என்றார் அக்கா, "கஜீவன் எப்பிடிப் போனவர்?"

எழும்பினவர் இருந்துவிட்டார். கோப்பை மேசை விளிம்பில் இடித்துக் கோப்பி சிந்தியது. நான் கடதாசி எடுத்துத் துடைத்தேன். துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டே நின்றேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை.

அந்த ஏழு பெடியன்களில் ஒருவன் எப்படியோ ரொறன்ரோ வந்து சேர்ந்து, 1993 மார்ச்சில் அவரைத் தேடிக் களஞ்சியத்துக்கே வந்தானாம். பார்படோஸில் அந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜீவன் கடலில் குளிக்க இறங்கினான். ஊர்க் கடலில் நீந்தினவன், அந்தக் கடலின் இழுவை தெரியாது. மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கினான். மற்றப் பெடியன்கள் பொலிஸுக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. யாரென்று தெரியாத பிள்ளையை அந்த ஊர் மீன்பிடிகாரர்கள்தான் தங்களுடைய சேமக்காலையில் புதைத்தார்கள். அடுத்த தையில் சண்முகநாதன் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். பெயர் இல்லாத குழி. குழியடியில் கற்பூரம் கொளுத்தி, அரிசி வைத்துப் படைத்துவிட்டு, கடலில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடுவாராம். அவனுக்குக் கடமை செய்ய வேறு ஆண்பிள்ளை இல்லை.

அந்தச் செய்தி வந்தபோது யோகராணிக்கு எட்டு மாதம். அதற்கு முன்னர் இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்திருந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்று இருந்தார். பிறந்தது. பால் குடிக்கிற பிள்ளை என்று இருந்தார். பிறகு ஒவ்வொரு மாதமும் அர்ச்சனைத் தட்டோடு சந்தோஷமாக வெளிக்கிடுகிறவரிடம் எந்த வாயால் சொல்வது என்று இருந்தார். இருந்து இருந்து நான்கு வருடம்.

சொல்லி முடித்ததும் மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து அக்காவிடம் ஒன்று கேட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ புருஷன்மாரைப் பின்தொடர்ந்திருக்கிறேன். எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான், பொம்பிளை இல்லை என்று எழுதிக் கொடுங்கோ. இவர் கேட்டது வேறு.

"தங்கச்சி, பொம்பிளை இருக்கெண்டே எழுதிக் குடுங்கோ. அவள் என்னை விட்டுட்டுப் போகட்டும். பிள்ளையையும் கொண்டு போகட்டும். தம்பி உயிரோடை இருக்கிறான் எண்ட நினைப்பை மட்டும் எடுத்துப்போடாதையுங்கோ. அதிலைதான் அவள் நடமாடுறாள்."

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே பேனையை எடுத்து, பார்படோஸ்காரிக்குப் பெயரும் உயரமும் எழுதிக் கொடுத்திருப்பேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பிளாசாவில் ஒருவர் கார்க் கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு வருசம் மற்றவையின்ரை கதையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னனான், அண்ணை," என்றார் கடைசியில். "உங்களுக்காக ஒரு பொய் எழுதலாம். ஆனால் அவ இன்னும் முப்பது வருசம் அந்த ரெலிபோனுக்குப் பக்கத்திலை இருப்பா. அதை ஆர் பொறுப்பெடுக்கிறது?"

இன்றைக்கே நீங்களே சொல்லுங்கோ, இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றார். சண்முகநாதன் கண்ணைத் துடைத்துவிட்டு, நீங்களும் கூட வாங்கோ என்றார். தனியாகப் போனால் வாசற்படியில் வைத்துத் திரும்பவும் பொய் சொல்லிவிடுவாராம்.

வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நாலு வயதாகப் போகிற மகள் அட்சயா அதற்கு முன்னால் நிலத்தில் இருந்து யானைக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். எங்களைக் கணவரோடு சேர்த்துக் கண்டதும் யோகராணி, கேஸ் பிடிபட்டுவிட்டது, ஆளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குசினி வாசலில் நிமிர்ந்து நின்றார். மூவரும் உள்ளே போனார்கள்.

குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் கதவு இல்லை. மனிதர் சொன்னது எல்லாம் கேட்டது. சுற்றி வளைக்கவில்லை. ராணி, கஜீவன் செத்துப்போனான், எனக்கு நாலு வருசமாத் தெரியும் என்று தொடங்கி, கடல், கரை, குழி, அட்டமி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் யானைக்கு வால் கீறினேன். அட்சயா அது சரியில்லை என்று அழித்தாள்.

யோகராணி அழுவார், விழுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. உயரவில்லை, தாழவில்லை.

"மாதா மாதம் ஐயர் அவன்ரை பேரைச் சொல்லி, நீடூழி வாழவேணும் எண்டு சொல்லேக்கை நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிண்டு கும்பிட்டனீங்கள்."

"ஓம்."

"செத்தவனுக்கு ஆயுள் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன். நீங்கள் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறியள்."

"ஓம், ராணி."

"பொம்பிளை எண்டால் மன்னிச்சிருப்பன்," என்றார் யோகராணி.

அக்கா மட்டும் வெளியே வந்து, என் தோளில் தட்டி, வா என்றார். காரில் ஏறியபின் செய்தது சரியா என்று கேட்டேன். "எனக்குத் தெரியேல்லை," என்றார். அப்படி அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வியாழன் காலை ஆறு மணிக்கு யோகராணி ரெலிபோன் எடுத்து, விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று என்னைக் கேட்டார். புருஷன் காரில் ஏற அவருக்கு விருப்பமில்லையாம். அதே விமானத்தில் அவருக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. சண்முகநாதனின் டிக்கற் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கன்னம் காய்ந்திருந்தது, கண்மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஹீட்டர் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டாரோ இல்லையோ.

சண்முகநாதன் எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றார். ஒரு கையில் அட்சயா, மறு கையில் அந்தக் கடைப் பை. கிட்ட வரப் பயந்து, நாலடி தள்ளியே நின்றார். யோகராணிதான் போய்ப் பையை வாங்கினார். திறந்து எள்ளையும் அரிசியையும் கற்பூரத்தையும் பார்த்தார். பொம்பிளையள் செய்யிறேல்லையே, ஐயரும் அங்கை இல்லை, நானும் வாறனே என்று மனிதர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அவன் என்ரை தம்பி," என்றார் யோகராணி. "அவனுக்கு முதல் சோறு தீத்தினதும் நான்தான்."

எந்த வளைவில் திரும்ப வேண்டும், சேமக்காலையில் எத்தனையாவது வரிசை என்று கேட்டார். சண்முகநாதன் சொன்னார். இரண்டாம் தரமும் சொல்ல வைத்தார். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து பிள்ளையின் தொப்பியைக் காது மறையும்படி இழுத்துவிட்டார். புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை.

வரிசைக்குள் போனவரை மனிதர் கூப்பிட்டார். அந்தப் பெரிய மண்டபத்தில் அவருடைய குரல் கேட்காது என்றுதான் நினைத்தேன். யோகராணி நின்றார்.

"ராணி, எப்ப வருவீர்?"

மூன்று நாளில் என்பதா, வரவே மாட்டேன் என்பதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம், கடற்கரைத் தொப்பிகளை இப்போதே போட்டுக்கொண்டு, வழி விடச் சொல்லிக் கையைக் காட்டியது. யோகராணி பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் கண் நிரம்பியது.

"அழுது முடிய வாறன்," என்றார்.